ஒரே ஒரு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்களே?

கேள்வி: டொக்டர் அக்கா, எனக்கு 26 வயது. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். முதல் பிள்ளை. ஒரு நாள் முழுக்க வலியில் கிடந்தும் பிள்ளை இறங்கவில்லை என்று ஒப்பரேஷன் செய்து எடுத்தார்கள். இன்றைக்கு ஒன்பதாவது நாள். தியேட்டரில் ஒரு ஊசி போட்டார்கள், அவ்வளவுதான். வீட்டுக்கு வரும்போது பனடோலும் இரும்புச்சத்து மாத்திரையும் தந்தார்கள். எங்கள் லயத்து வரிசையில் தொங்கல் வீட்டு, அதாவது கடைசி வீட்டு, அக்காவுக்குப் போன மாதம் பிள்ளை கிடைத்தது. நோர்மல்தான், வெக்கியூம் வைத்து எடுத்தார்களாம். அவருக்கு ஐந்து நாளைக்கு அன்டிபயோட்டிக் கொடுத்திருக்கிறார்கள். "அவளுக்கே கொடுத்தாங்க, வயித்தைக் கிழிச்ச உனக்கு இல்லையா, தோட்டத்து ஆளுகதானேன்னு விட்டுட்டாங்க" என்கிறார் மாமியார். வீட்டுக்காரர் டவுனுக்குப் போய் பாமசியில் அமொக்சிசிலின் கெப்சூல் 15 வாங்கி வந்தார். இரண்டு குடித்துவிட்டேன். நேற்றிலிருந்து தையலின் இடது ஓரத்தில் தண்ணி மாதிரி கசிகிறது. வலி பெரிதாக இல்லை. கெப்சூலைத் தொடர்ந்து குடிக்கவா? பாலில் இறங்கிப் பிள்ளைக்கு ஏதும் ஆகுமா?

பதில்: தங்கச்சி, ஒன்பதாவது நாள், கசிவு என்று பார்த்ததும் உங்கள் கடிதத்தை வரிசையில் வைக்க மனம் வரவில்லை. அதனால்தான் அன்றைக்கே போன் எடுத்தேன். கெப்சூல் பேச்சு அப்புறம், முதலில் வயிற்றை யாரிடமாவது காட்டுங்கள் என்றேன். மறுநாள் காலை பஸ் ஏறிப் போய்க் காட்டிவிட்டு வந்து செய்தி அனுப்பியிருந்தீர்கள். சீழ் இல்லை, தோலுக்கடியில் தேங்கின நீர், ஓரத்தில் கொஞ்சம் திறந்து வடியவிட்டார்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து கட்ட வரச் சொன்னார்கள், கெப்சூலை நிறுத்தச் சொன்னார்கள். சரி. "ஏன் நிறுத்தச் சொன்னாங்கன்னு விளங்கல்ல, கேட்கப் பயமா இருந்தது" என்றும் எழுதியிருந்தீர்கள். அவர்கள் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன்.

மாமியாரிடமிருந்தே தொடங்குகிறேன். தோட்டத்து ஆட்கள் என்று விட்டுவிட்டார்கள் என்ற அவர் சந்தேகத்தை நான் சிரித்து ஒதுக்கமாட்டேன். நானும் லயத்துக் காம்பராவில் வளர்ந்தவள்தான். மழையில் ஆளைத் துணித் தொட்டிலில் கட்டித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினதை எல்லாம் பார்த்திருக்கிறேன். அவர் காலத்தில் அவர் பட்டதை வைத்து அவர் பேசுகிறார். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் உங்களுக்குக் குறை வைக்கவில்லை. கொழும்பில் காசு கட்டிப் படுக்கிற ஆஸ்பத்திரியிலும், லண்டனிலும், சிசேரியனுக்குத் தொற்று வராமல் தடுக்க முறைப்படி கொடுப்பது அந்த ஒரு ஊசிதான். ஒப்பரேஷன் நீண்டுபோனாலோ இரத்தம் அதிகம் போனாலோ இன்னொன்று போடுவார்கள்.

ஒன்று எப்படிப் போதும்? மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது அட்டைக்குப் பயந்து காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு போவோம் இல்லையா? போகும் முன் தேய்க்க வேண்டும். கடித்து, இரத்தம் குடித்து, விழுந்து போனதுக்கு அப்புறம் வீட்டில் வந்து ஒரு கட்டி சவர்க்காரத்தைத் தேய்த்து என்ன பிரயோசனம்? ஊசியின் கதையும் அதுதான். தோலை மருந்து போட்டு எவ்வளவு துடைத்தாலும் அதிலிருக்கும் கிருமி முழுதாகப் போகாது, மயிர்க்கால்களுக்குள் ஒளிந்திருக்கும். கத்தி வைக்கும்போது அதில் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். அந்த நிமிடத்தில் உங்கள் இரத்தத்திலும் சதையிலும் மருந்து தயாராக நின்றால், உள்ளே போனது பெருகுவதற்கு முன்பே செத்துவிடும். அதனால்தான் கத்தி வைப்பதற்கு முந்தின ஒரு மணித்தியாலத்துக்குள் அந்த ஊசி போடப்பட வேண்டும் என்கிறோம். காயத்தைத் தைத்து மூடின பிறகு கொடுக்கும் மாத்திரை, தொற்று இல்லாத தாய்க்கு இதற்கு மேல் எதையும் சேர்க்காது.

முன்பெல்லாம் பிள்ளையை எடுத்துத் தொப்புள்கொடியைக் கட்டின பிறகுதான் இந்த ஊசியைப் போடுவார்கள். மருந்து பிள்ளைக்குள் போய்விடுமே என்ற பயம். பிறகு இரண்டு முறையையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, முன்னாடியே போட்டால் தாய்க்கு வரும் தொற்று இன்னும் குறைகிறது, பிள்ளைக்குக் கெடுதல் தெரியவில்லை என்று வந்தது. அதனால் நேரம் மாறியது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து அலசிய கொக்ரேன் அறிக்கையில், சிசேரியனுக்குத் தடுப்பு மருந்து கொடுத்த தாய்மாரிடம் காயத் தொற்றும் கருப்பைத் தொற்றும் 60 முதல் 70 சதவீதம் வரை குறைந்திருந்தன. ஒரு ஊசிக்கு இது பெரிய கூலி.

ஆனால் முழுதாகத் தடுக்காது. இதையும் சொல்லத்தான் வேண்டும். உங்களைப் போல ஒரு நாள் முழுக்க வலியில் கிடந்து, நீர்க்குடம் உடைந்து, பலமுறை உள்சோதனை செய்த பிறகு நடக்கும் ஒப்பரேஷனில் தொற்று வரும் வாய்ப்பு, நாள் குறித்துச் செய்யும் ஒப்பரேஷனை விட அதிகம். கிருமி தோலிலிருந்து மட்டுமில்லை, கீழிருந்தும் ஏறி வந்திருக்கும். இரத்தம் குறைந்த உடம்பு, சர்க்கரை வருத்தம், பருமன் இவையெல்லாம் அதைக் கூட்டும். ஆகவே மாமியாரின் பயம் தப்பில்லை. பயத்துக்கு அவர் கேட்ட மருந்துதான் தப்பு.

தொங்கல் வீட்டு அக்காவின் கணக்கு வேறு. பிள்ளையின் தலையை உறிஞ்சிப் பிடிக்கிற வெக்கியூம், கவ்வி இழுக்கிற ஃபோர்செப்ஸ் வைத்து எடுத்த தாய்மாருக்கு அன்டிபயோட்டிக் தேவையா என்பது நீண்ட காலம் தெளிவில்லாமல்தான் இருந்தது. பிரித்தானியாவில் 27 ஆஸ்பத்திரிகளில் 3,400க்கு மேற்பட்ட தாய்மாரை வைத்து அனோட் என்று ஓர் ஆய்வு செய்து 2019இல் வெளியிட்டார்கள். பிள்ளை பிறந்து ஆறு மணித்தியாலத்துக்குள் நரம்பில் ஒரே ஒரு தடவை கோ-அமொக்சிக்ளேவ் என்ற அன்டிபயோட்டிக் போட்டவர்களில் 11 சதவீதத்தினருக்குத் தொற்று வந்தது. போடாதவர்களில் 19. அங்கேயும் ஒரு டோஸ்தான், கவனியுங்கள். அந்த அக்காவுக்கு ஐந்து நாள் கொடுத்திருந்தால் கிழிசல் மலவாசல் வரை போயிருக்கலாம், இல்லை காய்ச்சல் இருந்திருக்கலாம். அவர் கார்டைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. சாதாரணப் பிரசவம், சின்னத் தையல் என்றால் உலக சுகாதார நிறுவனம் வழமையாக அன்டிபயோட்டிக் கொடுக்கச் சொல்வதில்லை. மலவாசல் வரை கிழிந்தாலும், நஞ்சுக்கொடியைக் கைவிட்டு எடுத்தாலும் கொடுக்கச் சொல்கிறது. ஆக, எத்தனை மாத்திரை தந்தார்கள் என்று லயத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதில் ஒன்றும் தெரியவராது.

போனில் பேசியபோது வீட்டுக்காரர் பின்னாலிருந்து, "அசித்ரோமைசின் ஒண்ணு குடிச்சா எல்லாத் தாய்மாருக்கும் நல்லதுன்னு பேஸ்புக்குல வந்திச்சே" என்றார். அவர் படித்தது பொய்யில்லை, பாதி. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் உட்பட ஏழு நாடுகளில் 29,000க்கு மேற்பட்ட தாய்மாரிடம் செய்த ஆய்வு 2023இல் வந்தது. சாதாரணப் பிரசவத்துக்கு வலி வந்திருக்கும்போதே 2 கிராம் ஒரு தடவை கொடுத்தார்கள். தாய்க்கு செப்சிஸ் என்கிற கடும் தொற்றோ மரணமோ 2.4 சதவீதத்திலிருந்து 1.6க்கு இறங்கியது. பிள்ளைக்கு வரும் தொற்று குறையவில்லை. அது வலி நேரத்தில், ஆஸ்பத்திரியில் கொடுத்தது. ஒன்பதாம் நாள் பாமசியில் வாங்குவதற்கு அது சாட்சி ஆகாது.

சரி, அந்த 15 கெப்சூல்.

என் கதை ஒன்று சொல்லவேண்டும். பயிற்சி டொக்டராக ஒரு ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில், சிசேரியன் தாய்மார் எல்லாருக்கும் போகும்போது ஐந்து நாள் கெப்சூல் எழுதுவேன். யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் எழுதினார், நானும் எழுதினேன். எழுதும்போது மனசுக்கு ஒரு நிம்மதி, அவ்வளவுதான். அப்படி அனுப்பிய ஒரு தாய் பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தார். பெரிய காய்ச்சல் இல்லை, தையலும் மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கையை வைத்து அழுத்தினதும் முகம் மாறியது. ஒரு தையலை அவிழ்த்தோம், கோப்பை நிறையச் சீழ். "நாலு நாளா உள்ளுக்குள்ள விண்ணு விண்ணுன்னு இருந்திச்சு, கெப்சூல் குடிக்கிறேன்தானே, சரியாப் போயிரும்னு இருந்தேன்" என்றார். நான் கொடுத்த கெப்சூல் அவரைக் காப்பாற்றவில்லை. வரவேண்டிய நாளில் வரவிடாமல் வீட்டில் உட்கார வைத்தது. அதற்குப் பிறகு தேவையில்லாமல் எழுதுவதில்லை.

இன்னொன்று. தையல் காயத்தைப் பழுக்க வைக்கும் கிருமிகளில் முக்கியமானது ஸ்டெஃபிலோகொக்கஸ். நம் தோலிலும் மூக்கிலும் குடியிருப்பது. பென்சிலினை உடைத்துப் போடும் ஒரு பொருளை இன்றைக்கு அந்தக் கிருமியில் பெரும்பாலானவை தாமே செய்துகொள்கின்றன. வெறும் அமொக்சிசிலினுக்கு அது மசியாது. ஆக, உண்மையிலேயே தொற்று இருந்திருந்தாலும் வீட்டுக்காரர் வாங்கி வந்தது பெரும்பாலும் பிழையான மருந்து. டொக்டர் துண்டு இல்லாமல் அதைக் கொடுத்த கடைக்காரர் செய்ததும் பிழை. சீழ் கட்டியிருந்தால் எந்த மருந்தும் அதற்குள் ஒழுங்காக நுழையாது. வழி செய்து வெளியே விடவேண்டும், தேவைப்பட்டால் பஞ்சில் எடுத்து எந்தக் கிருமி என்று பார்த்து மருந்து கொடுக்கவேண்டும். இரண்டு கெப்சூல் குடித்துவிட்டுப் போனால் அந்தச் சோதனையில் கிருமி சில வேளை பிடிபடாது. அதனால்தான் போகும்போது அந்தக் கெப்சூல் அட்டையையும் கொண்டுபோய் ஒளிக்காமல் காட்டுங்கள் என்றேன். திட்டு விழுந்ததாமே. பரவாயில்லை, விழட்டும்.

பால் பற்றிக் கேட்டீர்கள். அமொக்சிசிலின் பாலில் மிகக் கொஞ்சம்தான் இறங்கும். நீங்கள் குடித்த இரண்டு கெப்சூலால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. பிறகு தொற்று என்று வந்து டொக்டர் அன்டிபயோட்டிக் எழுதினாலும், வழமையாகக் கொடுப்பவற்றில் பெரும்பாலானவற்றோடு தாராளமாகப் பால் கொடுக்கலாம். பிள்ளைக்குக் கொஞ்சம் தண்ணியாகப் போகலாம், வாயில் வெள்ளை படியலாம், பார்த்துக்கொள்ளுங்கள். பால் கொடுக்கிறேன் என்று மருந்து எழுதுகிறவரிடம் சொல்லிவிடுங்கள். மருந்துக்குப் பயந்து பாலை நிறுத்திப் பால்மா கரைத்துக் கொடுப்பதுதான் பிள்ளைக்குக் கெடுதல்.

இனி வீட்டில் என்ன பார்ப்பது? காயத் தொற்று பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் தலை காட்டாது. நாலாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரையில், வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். உங்கள் வயிறு மடிந்து காயத்தை மறைப்பதால் உங்களால் குனிந்து பார்க்க முடியாது. மாமியாரைப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகப்படுகிற கண்தான் இதற்கு நல்ல கண். சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டு, போன் டோர்ச்சை அடித்து, காலையிலும் மாலையிலும் பார்க்கட்டும். ஓரம் சிவந்திருந்தால் சிவப்பு முடிகிற இடத்தில் போல்பொயின்ட் பேனையால் ஒரு கோடு போட்டு வையுங்கள். மாலையில் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் அது பரவுகிறது. வீட்டுக்காரர் தினமும் ஒரே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைத்தால் டிரெசிங் போகும்போது காட்டலாம்.

கசிவின் நிறத்தைப் பாருங்கள். வைக்கோல் ஊறின தண்ணி நிறத்தில் கொஞ்சமாக இருந்தால் உங்களுக்கு இருந்தது போலத் தேங்கின நீர். அதையும் காட்டவேண்டும், ஓடவேண்டியதில்லை. மஞ்சள், பச்சை, நாற்றம் என்றால் அன்றைக்கே போங்கள். இளஞ்சிவப்புத் தண்ணி திடீரென்று குபுகுபுவென்று வந்து துணியை நனைத்தால் உள்தையல் விட்டிருக்கலாம். சுத்தமான ஈரத்துணியை மேலே மூடிப் படுத்துக்கொண்டு 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை.

காய்ச்சலைப் பற்றி ஒரு வார்த்தை. பனடோல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை குடிக்கிறீர்கள். அது வலியோடு காய்ச்சலையும் அமுக்கிவிடும். சூடு அளப்பதென்றால் அடுத்த பனடோலைக் குடிக்கும் முன்பு அளங்கள். 38 பாகை, பழைய தெர்மோமீட்டரில் 100.4, அதற்கு மேல் போனால் காயம் நன்றாக இருந்தாலும் வாருங்கள். காய்ச்சல் மார்பில் பால் கட்டியும் வரும், சிறுநீரில் தொற்றியும் வரும், கருப்பையிலிருந்தும் வரும். கருப்பை என்றால் அடிவயிறு நோகும், தீட்டு நாறும். நெஞ்சு படபடவென்று அடித்து, மூச்சு வாங்கி, குளிரில் நடுங்கி, பேச்சும் தடுமாறினால் தோட்டத்து டிஸ்பென்சரி திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். நடுராத்திரி என்றாலும் 1990.

வார்டில் சிங்களம் தெரியாமல் வாய் திறக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு வசனம் போதும். "துவாலென் செரவ எனவா" என்றால் காயத்திலிருந்து சீழ் வருகிறது. "உண தியெனவா" என்றால் காய்ச்சல் இருக்கிறது. மீதியை அவர்கள் கையால் பார்த்துக்கொள்வார்கள். மிட்வைஃப் முதல் பத்து நாளில் இரண்டு முறையாவது வீட்டுக்கு வருவார். வரும்போது பிள்ளையை மட்டும் நிறுத்துப் பார்த்துவிட்டுப் போக விடாதீர்கள், சேலையை விலக்கிக் காயத்தையும் காட்டுங்கள்.

வயிறு கட்டுகிற பழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்குமே. தளர்வாகக் கட்டினால் நடக்கச் சுகம், அதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் மஸ்கெலியாக் குளிருக்கு சுவெட்டர், அதற்கு மேல் சால்வை, உள்ளே இறுக்கக் கட்டின துணி என்று இருந்தால் காயம் வேர்த்து ஊறிப்போகும். ஊறின தோலில்தான் கிருமிக்குக் கொண்டாட்டம். படுத்திருக்கும்போது அவிழ்த்துக் காற்றாட விடுங்கள். மழைக்காலத்தில் துணி காயாது, அடுப்புக்கு மேலே போட்டுப் பாதி காய்ந்ததை எடுத்துக் கட்டுவதும் உண்டு. அது வேண்டாம். காயாத துணியை விடக் கடைப் பேட் நல்லது, நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். குளிக்கலாம், குளிக்கவேண்டும். பீலித்தண்ணியை அப்படியே ஊற்றாமல் கொதிக்கவைத்து ஆறவிட்டு ஊற்றி, சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்கவேண்டாம். இப்போது ஓரம் திறந்திருப்பதால் அந்த இடத்தை நனைப்பதா என்று டிரெசிங் போடும் நேர்ஸிடம் கேட்டுச் செய்யுங்கள். மஞ்சள், தேங்காயெண்ணெய், சாம்பல் எதுவும் காயத்தில் வேண்டாம். வேது குளிப்பதைக் காயம் ஆறும்வரை தள்ளிப் போடச் சொன்னேன் என்று மாமியாரிடம் என் பேரைச் சொல்லியே சொல்லுங்கள்.

பத்தியம் என்று முட்டையையும் மீனையும் நிறுத்தாதீர்கள். காயம் மூடுவதற்கு உடம்பு அதைத்தான் கேட்கும். தண்ணியையும் நிறுத்தாதீர்கள், பால் வேண்டாமா? அப்புறம் அந்த இரும்புச்சத்து மாத்திரை. தேயிலை ஊரில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான், ஆனாலும் சாயத்தண்ணியோடு அதைக் குடிக்காதீர்கள். தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் விட்டு டீ குடியுங்கள். எலுமிச்சம்பழத் தண்ணியோடு மாத்திரையைக் குடித்தால் இன்னும் நல்லது.

மீதி 13 கெப்சூலைக் காம்பரா அலுமாரியில் வைக்காதீர்கள். யாருக்காவது தொண்டை நொந்தால் அதில் இரண்டு போய்விடும் என்று எனக்குத் தெரியும். அடுத்த டிரெசிங்குக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரிப் பாமசியில் கொடுத்துவிட்டு வாருங்கள்.